எழுபத்து நாலாம் வருஷத்துக் கடல்

கல்லறையிலிருந்து நாலு கெராங் சிப்பி ஓடு வேண்டும் என்று ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றால், வாம்மா, உட்காரு, தேத்தண்ணி குடி என்றா சொல்வார்கள்? நான் சொல்லவில்லை. "உனக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்றுதான் கேட்டேன். என் குரல் கொஞ்சம் பெரிய குரல். லாரி ஓட்டியே காலம் போய்விட்டதால், யாரிடம் பேசினாலும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசுகிற மாதிரிதான் பேசுவேன். அந்தப் பெண் அசையவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "பரவால்ல அங்கிள், நான் நின்னுக்கிட்டே சொல்றேன்லா," என்றாள்.

பெயர் பவானேஸ்வரி. குருபோங்கில் என் மகன் ஃபிரெடி வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு அடுத்த வீடு. யுனிவர்சிட்டியில் மாஸ்டர் படிக்கிறாள். படிப்பு கடல் தண்ணீரைப் பற்றி. நம் பக்கத்து ஆற்றுமுகத்தில் கெராங் செத்துச் செத்து ஒதுங்குகிறது அல்லவா, தண்ணீர் பச்சை பச்சையாகக் கிடக்கிறது அல்லவா, அது எப்போது ஆரம்பித்தது, எந்த அழுக்கு வந்து ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். புது ஓடு எத்தனை வேண்டுமானாலும் பாசாரில் கிடைக்கிறது. பழைய ஓடுதான் இல்லை. கெராங் தின்றவன் எவன் ஓட்டைத் தேதி போட்டு எடுத்து வைப்பான்?

"ஃபிரெடி அண்ணன்தான் சொன்னாரு அங்கிள். அவரோட அக்கா கல்லறையில ஓடு பதிச்சிருக்கு, சிலுவையில வருஷமும் போட்டிருக்குன்னு."

ஃபிரெடிக்கு வாய் நீளம். அவன் பிறந்ததே மோனிக்கா போன பிறகு. அவனுக்கு அந்தக் கல்லறை வருஷத்துக்கு ஒரு முறை மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம், அவ்வளவுதான். எனக்கும் என் மனைவி பிரிஜிட்டுக்கும் அது என்னவென்று அவனுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மோனிக்கா எங்கள் மூத்த மகள். எழுபத்து நாலில் நாங்கள் பெம்பானுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தோம். பிள்ளைக்கு நாலு வயது. ஒரு சனிக்கிழமை பிரிஜிட் ஆற்றுமுகத்துக் கெராங் வாங்கி வந்து அவித்தாள். மூன்று பேரும் தின்றோம். ஞாயிறு பூசைக்குப் போகும்போதே பிள்ளைக்கு வயிறு போக ஆரம்பித்தது, வாந்தியும் சேர்ந்துகொண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, "என்ன குடுத்தீங்க? கெராங்கா? அதான்," என்றான். அந்த 'அதான்' இருக்கிறதே, அதை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். புதன்கிழமை பிள்ளை போய்விட்டாள்.

பிரிஜிட் அந்த 'அதான்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டவள்தான், விடவில்லை. நாமும்தானே தின்றோம் என்றேன். நாம பெரியவங்க என்றாள். அந்த மாதம் லயத்தில் வேறு பிள்ளைகளுக்கும்தானே வயிறு போனது, அவர்கள் வீட்டில் கெராங்கே வாங்கவில்லையே என்றேன். நான் என் கையாலதானே ஊட்டினேன் என்றாள். அடுப்பங்கரைக்குப் பின்னால் தான் கொட்டிய ஓடுகளைத் தானே பொறுக்கி எடுத்து, கல்லறைக்கு ஈரச் சிமெண்ட் பூசியபோது சுற்றிலும் ஒவ்வொன்றாக அமுக்கி வைத்தாள். பிள்ளைக்குக் கிளிஞ்சல் பிடிக்கும், அதனால் அழகுக்கு வைக்கிறாள் என்று ஊரே கண்ணைத் துடைத்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் தன் குற்றத்தைப் பதித்து வைத்தாள். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மோனிக்காவின் கடைசி வாரத்தைப் பற்றிப் பேசியதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே பிரிஜிட் எழுந்து போய்விடுவாள்.

இப்போது சொல்லுங்கள், நான் கத்தியதில் தப்பு உண்டா?

நான் கத்திக்கொண்டிருந்தபோது பிரிஜிட் உள்ளேயிருந்து வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஏம்மா, அந்த ஓட்டைப் பாத்தா அந்த வருஷம் தண்ணி நல்லா இருந்துச்சா, கெட்டுப் போயிருந்துச்சான்னு தெரியுமா?"

"சாக்கடைத் தண்ணி கலந்திருந்தா தெரியும் ஆண்டி."

"கக்கூஸ் தண்ணி?"

"அதுவும் தெரியும்."

அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது, அவள் பாட்டுக்குச் சொல்கிறாள். தெரியும் என்கிறாளே, கெட்டுப் போயிருந்தது என்று தெரிந்துவிட்டால்? டிரஸ்ஸர் ஒரு வாய்ச்சொல்லில் சொன்னதை நாளைக்கு ஒரு மெஷினே எண் போட்டுச் சொல்லிவிட்டால், இவள் என்ன ஆவாள்? "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நீ கெளம்பு," என்றேன்.

"எடுத்துக்கிட்டுப் போம்மா," என்றாள் பிரிஜிட். பிறகு என்னிடம், "நான்தாங்க பதிச்சேன். நான்தான் சொல்லணும்," என்றாள்.

பவானேஸ்வரி அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினாள். நன்றாகத்தான் விளக்கினாள், நான் கோபத்தில் பாதிதான் கேட்டேன். காற்றில் இருக்கிற நைட்ரஜனில் லேசானது ஒன்று, கனமானது ஒன்று, இரண்டு வகை உண்டாம். மனிதன் கழிவோ மாட்டுக் கழிவோ தேங்கிக் கிடக்கக் கிடக்க லேசானது ஆவியாகப் போய்விடும், கனமானது தங்கிவிடும். கஞ்சி கொதித்துக் கொதித்துக் கெட்டியாகிற மாதிரி என்றாள். அந்தத் தண்ணீர் கடலுக்குப் போனால் பாசி அதைத் தின்னும், பாசியைக் கெராங் தின்னும், தின்றது அதன் ஓட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். ஓடு வெறும் சுண்ணாம்பு இல்லையாம். சுண்ணாம்புக்கு நடுவே மெல்லிய சவ்வு மாதிரி ஒன்று ஓடுகிறதாம். சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு அந்தச் சவ்வை எடுத்து நிறுத்தால் கனமானது எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். அந்த மெஷின் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது.

"தோட்டத்துல போடுற உரம்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது காத்துலேர்ந்து செய்யறது அங்கிள். அது லேசாத்தான் காட்டும். சாக்கடைன்னா கனமாக் காட்டும்."

ஒரு பிடி ஓட்டுக்குள் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

கல்லறைத் திருநாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் நான்தான் மோனிக்கா கல்லறைக்கு வெள்ளையடிப்பேன். கூலிக்கு ஆள் விட்டதில்லை. இந்த வருஷம் யாரோ படித்த பெண் வந்து தொடப் போகிறாள், அழுக்காக இருந்தால் நமக்குத்தானே கேவலம் என்று இரண்டு கோட்டாக அடித்தேன். ஓடுகளையும் விடாமல், இடுக்கு இடுக்காக, சின்னத் தூரிகையால். பார்க்கப் பளபளவென்று இருந்தது.

பவானேஸ்வரி பெட்டியும் கையுறையுமாக வந்தாள். பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"வெள்ளையடிச்சிருக்கீங்களா அங்கிள்?"

"பின்ன? வருஷா வருஷம் அடிக்கிறதுதான்."

"சுண்ணாம்பு மட்டும்தானே? அதுன்னா ஒண்ணுமில்ல. தேச்சு எடுத்துரலாம்."

"வெறும் சுண்ணாம்பு கையில ஒட்டும்மா. மழைக்கு நிக்காது. நான் சோத்துக் கஞ்சி கலப்பேன். அப்புறம் பால் மாவு ரெண்டு கரண்டி." இந்தப் பக்குவம் என் அப்பா கோயிலுக்கு வெள்ளையடித்த காலத்திலிருந்து வருவது. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அங்கிள்! பாலா? பால் முழுக்க நைட்ரஜன்லா! மாட்டோட நைட்ரஜன்!"

இருபத்து நாலு வருஷம், வருஷத்துக்கு ஒரு கோட்டு. பழைய ஓடு, மேலெல்லாம் நுண்ணிய வெடிப்பு, பால் எவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருக்கும் என்று அவளால் சொல்ல முடியாதாம். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, எண் வந்து, அது கடலின் எண்ணா, என் பால் மாவின் எண்ணா என்று யாருக்குத் தெரியும்? என் பிள்ளைக்கு அழகாக இருக்கட்டும் என்று நான் செய்த வேலை அந்த ஓட்டின் வாயை அடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்பாடா, விஷயம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அவள் குனிந்து குனிந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கீழ் வரிசை சிமெண்டுக்குள்ளயே முழுசா மூடிக் கெடக்கு. அதுக்கு வெள்ளை பட்டிருக்காது," என்றாள். பிறகு தயங்கி, "ஆனா ஒடைக்கணும் அங்கிள்," என்றாள்.

"என் மக கல்லறைய ஒடைக்கவா?" கல்லறைத் தோட்டம் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். "ஒனக்குப் பட்டம் வாங்க எம்புள்ள தூங்குற எடந்தான் கெடைச்சுதா? போ! மொதல்ல வெளிய போ!"

அந்தப் பெண் கண் கலங்கி நின்றாள். நான் திரும்பிப் பார்த்தபோது பிரிஜிட் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் சாமான் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து, ஓரத்துச் சிமெண்டில் வைத்து அடிக்க ஆரம்பித்திருந்தாள். பிடிக்கத் தெரியாமல் பிடித்திருந்தாள். முதல் அடியிலேயே விரலில் பட்டு ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

"குடு இங்க," என்றேன்.

"மாட்டேன். நீங்க கத்துவீங்க."

"கத்தல. குடு. வெரல் போயிரும்."

கொடுத்தாள். நான்தான் உடைத்தேன். அந்தச் சிமெண்டைக் குழைத்ததும் நான், உடைத்ததும் நான். ஒவ்வொரு அடிக்கும் வாய்க்குள், மோனிக்கா, அப்பாதாண்டா, அப்பாதான், பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். உள்ளேயிருந்து ஓடுகள் சுத்தமாக, அன்றைக்கு அவித்த நிறத்திலேயே வந்தன. பவானேஸ்வரி இரண்டு கையையும் நீட்டி, நற்கருணை வாங்குகிற மாதிரி வாங்கினாள். அவள் இந்துப் பெண், அவளுக்கு அது தெரிந்திருக்காது.

டிசம்பரில் ஃபிரெடி வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பெண் எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மேசையில் ஒரு மைக்ராஸ்கோப். யுனிவர்சிட்டியில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஓட்டை நெடுக்காக அறுத்து, கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருந்தாள். "சும்மா பாருங்க அங்கிள். ரிசல்ட் இன்னும் வரல. இது வேற," என்றாள்.

நான் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கோடுகள். கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, மயிரிழை போல, நெருக்கமாக, சில இடத்தில் அகன்று, சில இடத்தில் ஒட்டி, போய்க்கொண்டே இருந்தன.

"என்னம்மா இது?"

"ஒவ்வொரு கோடும் ஒரு தடவ தண்ணி ஏறி எறங்குறது அங்கிள். தண்ணி ஏறுனா கெராங் வாயத் தொறந்து தின்னும், ஓடு வளரும். வத்துனா மூடிக்கும், வளர்ச்சி நின்னுரும். அந்த நின்ன எடந்தான் கோடு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல கொஞ்சம் அகலமா இருக்கு பாருங்க, அது பௌர்ணமி, அமாவாசைப் பக்கம் பெரிய தண்ணி வந்தது."

"அந்த வருஷத்து அமாவாசையா?"

"அந்த வருஷத்துதுதான். எல்லாமே அங்கயே இருக்கு."

நான் பேச்சு வராமல் நின்றதை என் மகன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பான். ஆண்டவரே, சகதிக்குள் கிடக்கிற ஒரு பூச்சி. தலை இல்லை, கண் இல்லை. ஐந்து காசுக்குக் கூடையில் அள்ளிப் போட்டதைத் தின்றுவிட்டு ஓட்டைத் தூக்கி எறிகிறோம். அது ஒரு அலையைக்கூட விடாமல் தன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது. மோனிக்கா மூன்று வயதில் மழையில் ஆடியபோது வந்த தண்ணீர் அங்கே இருக்கிறது. அவளுக்குக் காது குத்திய அன்று ஏறிய தண்ணீர் இருக்கிறது. அவளுடைய நாட்களை நானே மறந்துகொண்டு வந்தேன், சத்தியமாக, முகம்கூடச் சில நேரம் மங்கிவிட்டிருந்தது. இது மறக்கவில்லை. எனக்கு அந்த மைக்ராஸ்கோப்பைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

பிரிஜிட் என்னை நகர்த்திவிட்டுக் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "கடைசிக் கோடு எது?" என்று கேட்டாள்.

பவானேஸ்வரி ஊசி முனையால் ஓரத்தைக் காட்டினாள். "இதுதான் ஆண்டி. இதுக்கப்புறம் வளரல. அன்னைக்குத்தான் கடல்லேர்ந்து எடுத்திருக்காங்க."

"வெள்ளிக்கெழம எடுத்திருப்பாங்க. சனிக்கெழம நான் வாங்குனேன்," என்றாள் பிரிஜிட். கண்ணை எடுக்காமலே சொன்னாள். அந்த வாரத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து அவளாக வந்த முதல் வார்த்தை அதுதான். அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கும் ஏதோ புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளை வெளியே அழைத்துப் போய், வீட்டு முன்னால் ஜாலான் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன் அங்கிள்," என்றாள். "இப்ப நிறுத்திரலாமா?" என்றும் கேட்டாள்.

நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உள்ளே ஒருத்தி கடைசிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளை அந்தக் கோட்டிலேயே விட்டுவிட்டு எப்படி நிறுத்துவது?

அதன் பிறகு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். பிரிஜிட் சமைத்தாள், பூசைக்குப் போனாள், ஜெபமாலை சொன்னாள். வாசலில் மோட்டர் சத்தம் கேட்டால் மட்டும் கை நின்றுவிடும். நான் எரிந்து எரிந்து விழுந்தேன். லாரி கிளீனர் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். எண் கனமாக வந்தால் இவளிடம் என்ன பொய் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல பொய்கூட எனக்குத் தோன்றவில்லை.

பவானேஸ்வரி ஏப்ரல் மாதத்தில் ஒரு மத்தியானம் வந்தாள். நான் ஓடிப்போய்க் கேட்டிலேயே மறித்தேன். "கெட்ட சேதின்னா இங்கயே சொல்லிட்டுப் போயிரு. நான் பாத்துக்கறேன்."

"இல்ல அங்கிள். ஆண்டிகிட்டதான் சொல்லணும்," என்றாள்.

பிரிஜிட் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கோர்ட்டில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆண்டி, இப்ப பாசார்ல விக்கிற கெராங் ஓட்டுல அந்தக் கனமானது பன்னெண்டு காட்டுது. அது சாக்கடை. ஆத்தங்கரையில வீடுங்க வந்தப்புறம் வந்தது. ஒங்க ஓட்டுல அஞ்சுகூட இல்ல. மூணு ஓடு அனுப்புனேன். மூணும் அப்படித்தான். சுத்தமான கடலு எப்படி இருக்குமோ அப்படி."

பிரிஜிட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"நான் பொய் சொல்லக் கூடாது ஆண்டி. இந்த மெஷின் கிருமியக் காட்டாது. புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு இதால சொல்ல முடியாது. ஆனா அந்தக் கெராங் பொறந்ததுலேர்ந்து கடைசி வரைக்கும் அது கெடந்த தண்ணியில சாக்கடை கலக்கல. அத மட்டும் நான் சத்தியமாச் சொல்லுவேன்."

"கலக்கலையா?"

"கலக்கல ஆண்டி."

நான் சந்தோஷத்தில் ஏதோ கத்தப் போனேன். நான் அப்பவே சொன்னேன் பார் என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். அவள் அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ வெகுநாள் இரவல் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்த சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாங்க, ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா? மொத கெராங்க அவளே தொறக்கணும்னு அடம் புடிச்சா. சுடுது, சுடுதுன்னு கைய ஒதறுனா, ஆனா விடல. சாறு மூக்குல தெறிச்சுப் போச்சு. என்னா சிரிப்புங்க அன்னைக்கு."

எனக்கு ஞாபகம் இல்லை. "இருக்கு," என்றேன்.

"இன்னும் குடும்மான்னு கேட்டா," என்றாள் பிரிஜிட். "என் பங்கையும் எடுத்துக் குடுத்தேன். வயிறு நெறையச் சாப்பிட்டுச்சுங்க எம்புள்ள."